கோமாரிக் கிருமியைத் துரத்திய லோஃப்லர்



மாடு வளர்ப்பவர் வீட்டுக்குப் போனால், அதன் காதைக் கவனித்துப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை மாட்டியிருக்கும். அதில் 12 இலக்க எண் இருக்கும். கோமாரித் தடுப்பூசி போட்ட விவரத்தை அந்த எண்ணை வைத்துத்தான் கால்நடைத் துறையினர் பதிவு செய்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்த ஊசியைப் போட வேண்டும்.

உங்களுக்குச் சின்ன வயதில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருப்பார்கள். இரண்டு தவணையோடு வேலை முடிந்தது. பாவம், மாட்டுக்கு மட்டும் ஏன் ஆயுள் முழுக்க ஊசி?

காரணம், கோமாரியை உண்டாக்கும் கிருமி ஒரு பலே கில்லாடி! மாட்டின் உடலில் இருக்கும் காவல் படையையே ஏமாற்றத் தெரிந்த கிருமி அது. அந்தக் கிருமியை முதன்முதலில் வலை வீசித் தேடியவர் ஒரு ஜெர்மன் மருத்துவர். அவர் பெயர் பிரெட்ரிக் லோஃப்லர். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ராணுவ மருத்துவரின் மகன்

ஜெர்மனியில் ஓடர் நதிக்கரையில் பிராங்க்பர்ட் என்றொரு நகரம் இருக்கிறது. பெரிய விமான நிலையம் உள்ள பிராங்க்பர்ட் வேறு, இது வேறு. இந்தச் சிறிய பிராங்க்பர்ட்டில் 1852ம் ஆண்டு ஜூன் 24ம் தேதி லோஃப்லர் பிறந்தார். அப்பா ராணுவ மருத்துவர். மகனும் மருத்துவப் படிப்பையே தேர்ந்தெடுத்தார்.

அவர் படித்துக் கொண்டிருந்தபோது, 1870ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, காயம்பட்ட வீரர்களுக்குச் சேவை செய்ய மருத்துவமனைக்குப் போனார் லோஃப்லர். போர் முடிந்ததும் படிப்பைத் தொடர்ந்து, 1874ல் மருத்துவர் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் ராணுவத்தில் மருத்துவராகப் பணிபுரிந்தார்.

அதன் பிறகு, பெர்லினில் இருந்த அரசு சுகாதார அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே அவருக்கு வாய்த்த வழிகாட்டி யார் தெரியுமா? காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தாரே ராபர்ட் காக், அவரேதான்! நோய்கள் கிருமிகளால் வருகின்றன என்பதை உலகுக்கு ஒவ்வொன்றாக நிரூபித்துக் காட்டிக் கொண்டிருந்த காலம் அது. காக்கின் ஆய்வுக்கூடத்தில் பகலென்றும் இரவென்றும் பாராமல் வேலை நடந்தது.

குருவுக்கு ஏற்ற சீடர் லோஃப்லர். குதிரைகளைக் கொல்லும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியை 1882ல் மற்றொரு விஞ்ஞானியுடன் சேர்ந்து கண்டறிந்தார். கிருமிகளுக்கு நீலச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் தெளிவாகப் பார்க்க ஒரு முறையை உருவாக்கினார். லோஃப்லர் நீலம் என்ற அந்தச் சாயம் இன்றும் ஆய்வுக்கூடங்களில் உண்டு.

தொண்டைக்குள் ஒரு எமன்

அந்தக் காலத்தில் குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய் தொண்டை அடைப்பான். டிப்தீரியா என்றும் சொல்வார்கள். தொண்டையில் சாம்பல் நிறத் தோல் போலப் படர்ந்து, மூச்சு விட முடியாமல் செய்துவிடும். அந்தத் தொண்டைக்குள் ஒரு கிருமி இருப்பதை 1883ல் கிளெப்ஸ் என்பவர் பார்த்தார். ஆனால், அதுதான் குற்றவாளியா என்பது உறுதியாகவில்லை.

லோஃப்லர் அந்தக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். அதை விலங்குகளுக்குச் செலுத்தினார். நோய் வந்தது! 1884ல் அவர் தன் முடிவுகளை வெளியிட்டார்.

அதில் இரண்டு விஷயங்களை அவர் குறித்து வைத்தார். நோய் வந்த விலங்குகளின் உள்ளுறுப்புகள் கெட்டுப் போயிருந்தன. ஆனால், அந்த உறுப்புகளில் கிருமி இல்லை. அப்படியானால், கிருமி இருந்த இடத்தில் இருந்துகொண்டே ஏதோ ஒரு விஷத்தை உடலெங்கும் அனுப்புகிறது என்று ஊகித்தார். அது சரியென்று சில ஆண்டுகளில் மற்றவர்கள் நிரூபித்தார்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் விசித்திரமானது. எந்த நோயும் இல்லாமல் ஆரோக்கியமாக இருந்த ஒரு குழந்தையின் தொண்டையிலும் அதே கிருமி இருந்தது! தன் முடிவுக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று லோஃப்லர் இதை மறைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினார். நோய் இல்லாதவர் உடலிலும் நோய்க்கிருமி ஒளிந்திருக்கலாம் என்பதை உலகம் பின்னாளில் புரிந்துகொண்டது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கதையின் பிற்பகுதியில் மீண்டும் வரும்.

1888ல் லோஃப்லர், பால்டிக் கடலோரம் உள்ள கிரைப்ஸ்வால்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

வடிகட்டியைத் தாண்டிய கிருமி

அப்போது ஐரோப்பாவின் விவசாயிகளை அலற வைத்த நோய் கோமாரி. நம் ஊரில் காணை என்றும் சொல்வார்கள். மாட்டின் நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் வெடிக்கும். எச்சில் நூல் நூலாக ஒழுகும். குளம்புப் பிளவில் புண் வந்து, மாடு நொண்டும். தீவனம் எடுக்காது. பால் வற்றிப் போகும். பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். இளங்கன்றுகள்தான் திடீரெனச் செத்து விழும். ஆடு, பன்றி என்று குளம்பு பிளந்த விலங்குகள் எதையும் அது விடாது. ஒரு கொட்டகையில் ஒரு மாட்டுக்கு வந்தால் போதும், ஊர் முழுக்கப் பரவிவிடும்.

இந்த நோய்க்குத் தீர்வு காண, 1897ல் பிரஷ்ய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதற்கு லோஃப்லர் தலைவரானார். பால் ஃப்ரோஷ் என்ற விஞ்ஞானி உடன் இருந்தார்.

இருவரும் கொப்புளத்தில் ஊறும் நீரை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். எந்தப் பாக்டீரியாவும் குற்றவாளியாகத் தெரியவில்லை. வழக்கமான முறையில் வளர்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் வளரவில்லை. ஆனால், அந்த நீரில் ஒரு சொட்டைக் கன்றுக்குச் செலுத்தினால் நோய் வந்தது. கிருமி அங்கே இருக்கிறது. ஆனால், கண்ணுக்குத் தெரியவில்லை!

அடுத்து, அந்த நீரைச் சுமார் 40 மடங்கு தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டினார்கள். சில வீடுகளில் எவர்சில்வர் வாட்டர் பில்டர் இருக்கும். அதன் உள்ளே வெள்ளை நிறத்தில் கேண்டில் ஒன்று நிற்குமே, பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய அதுபோன்ற வடிகட்டிதான். பாக்டீரியா எதுவும் அதைத் தாண்ட முடியாது. வடிகட்டியில் ஓட்டை இருந்துவிட்டால்? அந்தச் சந்தேகமும் வரக் கூடாதென்று, வேறொரு சிறிய பாக்டீரியாவை வேண்டுமென்றே அந்த நீரில் கலந்து வடிகட்டினார்கள். பாக்டீரியா மேலேயே தங்கிவிட்டது. ஆக, வடிகட்டி பழுதில்லை.

வடிந்து வந்த சுத்தமான நீரைக் கன்றுகளுக்குச் செலுத்தினார்கள். இதில் கிருமி இருக்காது. நோய் வராமல் தடுக்கும் சக்தி மட்டும் கிடைத்தாலும் கிடைக்கலாம் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது என்ன? வடிகட்டாத நீரைச் செலுத்திய கன்றுகளுக்கு எப்படி நோய் வந்ததோ, அப்படியே இவற்றுக்கும் வந்தது!

தயிரா, சர்க்கரையா?

வேறொருவராக இருந்தால், கிருமி இல்லை, ஏதோ விஷம்தான் வடிகட்டியைத் தாண்டி வந்திருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். லோஃப்லரோ, தொண்டை அடைப்பான் நோயில் விஷத்தின் வேலையைக் கண்டவர். விஷமா, உயிருள்ள கிருமியா என்பதை எப்படிப் பிரித்தறிவது?

இதை நம் வீட்டுச் சமையலறையிலேயே புரிந்துகொள்ளலாம். ஒரு டம்ளர் பாலில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போடுங்கள். அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த டம்ளர் பாலில் விடுங்கள். அதிலிருந்து ஒரு ஸ்பூன் அடுத்ததில். நான்காவது டம்ளரில் இனிப்பு தெரியுமா? தெரியாது. சர்க்கரைக்குப் பதில் தயிர் உறை குத்திப் பாருங்கள். முதல் டம்ளர் தயிராகும். அதில் ஒரு ஸ்பூன் எடுத்து உறை ஊற்றினால் இரண்டாவதும் தயிராகும். நூறாவது டம்ளரும் தயிராகும்! ஏனென்றால், தயிரில் இருப்பவை உயிருள்ளவை. அவை பெருகிக் கொண்டே போகும்.

லோஃப்லரும் ஃப்ரோஷும் இதே போலத்தான் சோதித்தார்கள். வடிகட்டிய நீரால் நோயுற்ற கன்றின் கொப்புள நீரை எடுத்து அடுத்த விலங்குக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று செலுத்திப் பார்த்தார்கள். நோயின் வேகம் கொஞ்சமும் குறையவில்லை. விஷமாக இருந்தால் இவ்வளவு நீர்த்த பின் வேலை செய்யாது என்று கணக்குப் போட்டும் காட்டினார்கள். 1898ல் முடிவை வெளியிட்டார்கள். கோமாரியை உண்டாக்குவது பெருகக்கூடிய ஒரு கிருமி. அது நாம் அறிந்த பாக்டீரியாக்களை விட மிக மிகச் சிறியது.

விலங்குகளுக்கு நோய் தரும் வைரஸ் ஒன்று மனிதனிடம் சிக்கியது அதுதான் முதல் முறை! புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸ் பற்றி வேறு இரு விஞ்ஞானிகள் அதே பத்தாண்டில் கண்டறிந்திருந்தார்கள். கோமாரி வைரஸ் எவ்வளவு சிறியது தெரியுமா? உங்கள் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பாருங்கள். அதற்குள் சுமார் 30 ஆயிரம் வைரஸ்களை வரிசையாக நிறுத்தி விடலாம்!

தீவுக்குப் போன ஆய்வுக்கூடம்

கிருமி இருப்பது தெரிந்துவிட்டது. இனித் தடுப்பு மருந்து தயாரிப்பது சுலபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நோயிலிருந்து மீண்ட விலங்கின் ரத்தத்திலிருந்து மருந்து தயாரித்தார் லோஃப்லர். அது கொஞ்ச காலம்தான் காப்பாற்றியது. கிருமியையும் அந்த மருந்தையும் கலந்து தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தார். அது நம்பகமாக அமையவில்லை. பத்து ஆண்டுகளுக்கும் மேல் அவர் விடாமல் முயன்றார்.

இதற்கிடையில் வேறொரு சிக்கல். கிரைப்ஸ்வால்ட் நகரில் அவருடைய ஆய்வுக் கொட்டகைகளைச் சுற்றியிருந்த பகுதிகளில் கோமாரி தலைகாட்டியது. நோயை ஒழிக்கத் தொடங்கிய ஆய்வே நோயைப் பரப்புகிறது என்றால், விவசாயிகள் சும்மா இருப்பார்களா? 1907ல் அரசு அங்கே ஆய்வுக்குத் தடை போட்டுவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஆய்வைத் தொடர்ந்தால் ஏழை விவசாயியின் மாடு சாகும். ஆய்வை நிறுத்தினால் உலகத்தில் உள்ள எல்லா மாடுகளும் தொடர்ந்து அவதிப்படும். என்ன செய்வது?

லோஃப்லர் ஒரு வழி கண்டார். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ரீம்ஸ் என்ற சின்னஞ்சிறு தீவு இருந்தது. சுற்றிலும் கடல் நீர். கிருமி தப்பித்து ஓட முடியாது. 1910ம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்தத் தீவில் ஆய்வு தொடங்கியது. உலகின் முதல் வைரஸ் ஆய்வு நிலையம் என்று அதைச் சொல்கிறார்கள்.

1913ல், தன் குருவின் பெயரைத் தாங்கிய ராபர்ட் காக் நிறுவனத்துக்குத் தலைவராக லோஃப்லர் பெர்லின் சென்றார். 1915ம் ஆண்டு ஏப்ரல் 9ம் தேதி, தன் 62வது வயதில் அங்கே காலமானார். நம்பகமான கோமாரித் தடுப்பூசியைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

கிருமியின் மூன்று தந்திரங்கள்

லோஃப்லரின் உழைப்பு ஏன் பலிக்கவில்லை? அவர் மறைந்த பிறகுதான் விடை ஒவ்வொன்றாக வெளிவந்தது.

முதல் தந்திரம் மாறுவேடம். கிருமி உள்ளே வந்தால், உடலின் காவல் படை அதன் மேல்சட்டையை அடையாளம் வைத்துக் கொள்ளும். மறுமுறை அதே சட்டையோடு வந்தால் பிடித்துவிடும். 1922ல் பிரான்ஸ் நாட்டின் வாலே, காரே என்ற இருவர், கோமாரி வைரஸில் இரண்டு வகை இருப்பதைக் கண்டார்கள். ஓ வகை வந்து குணமான மாட்டுக்கு ஏ வகை மறுபடியும் நோய் தந்தது! 1926ல், ரீம்ஸ் தீவில் ஆய்வு செய்தவர்கள் மூன்றாவது வகையைக் கண்டார்கள். பிறகு ஆப்பிரிக்காவில் மூன்று, ஆசியாவில் ஒன்று. ஆக மொத்தம் ஏழு வகை. ஒன்றுக்கு எதிரான சக்தி மற்றொன்றிடம் பலிக்காது.

இந்த வேடம் எப்படி மாறுகிறது? வைரஸ் பெருகும்போது தன் உடலின் செய்தியை நகல் எடுக்கிறது. 8 ஆயிரம் எழுத்துகளுக்கும் மேல் உள்ள செய்தி அது. நீங்கள் அவசர அவசரமாகக் காப்பி எழுதிவிட்டுத் திருப்பிப் பார்க்காமல் நோட்டைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கும். வைரஸும் அப்படித்தான், பிழை திருத்துவதே இல்லை. பல பிழைகள் அதற்கே கேடாக முடியும். சில பிழைகள் மட்டும் சட்டையின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும். காவல் படைக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும்!

இரண்டாவது தந்திரம், மணியின் நாக்கை அறுப்பது. வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்தால், அந்தச் செல் இன்டர்பெரான் என்ற புரதத்தை உண்டாக்கி, பக்கத்துச் செல்களை உஷார்படுத்தும். ஊரில் ஆபத்து என்றால் கோயில் மணியை அடிப்பது போல. கோமாரி வைரஸோ, உள்ளே போனவுடன் கத்தரி போன்ற ஒரு புரதத்தைச் செய்கிறது. செல்லின் புரதத் தொழிற்சாலைக்கு வேண்டிய முக்கியமான பாகத்தை அது வெட்டிவிடும். எச்சரிக்கைப் புரதம் சரியாக உருவாகாது. அந்த இடைவெளியில் வைரஸ் வேகமாகப் பெருகிவிடும்.

மூன்றாவது தந்திரம் ஒளிந்திருப்பது. நோய் தீர்ந்து, கொப்புளம் ஆறி, மாடு நன்றாக மேயும். ஆனாலும், தொண்டையின் ஓரத்தில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம். சில மாடுகளில் வருடக்கணக்கிலும் இருக்கும். ஆப்பிரிக்கக் காட்டெருமைகளில் ஐந்து ஆண்டுகள் வரை இருந்ததுண்டு. 1959ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். லோஃப்லர் 1884ல் ஒரு குழந்தையின் தொண்டையில் பார்த்தது நினைவிருக்கிறதா? கிருமி வேறு, நோய் வேறு. ஒளியும் இடம் மட்டும் அதே தொண்டை!

முடியாத போராட்டம்

லோஃப்லர் தொடங்கிய ரீம்ஸ் தீவிலேயே, 1938ல் நல்ல தடுப்பூசி ஒன்று தயாரானது. கிருமியைக் கொன்று, அதன் சட்டையை மட்டும் காவல் படைக்குக் காட்டும் முறை அது. இன்றைய ஊசிகளும் அந்த வழியில் வந்தவையே. இந்தியாவில் போடப்படும் ஊசியில் ஓ, ஏ, ஏசியா 1 ஆகிய மூன்று வகைகளுக்கு எதிரான மருந்து இருக்கிறது.

மாட்டு இனத்தையே அழித்த வெக்கை நோயை 2011ல் உலகிலிருந்தே ஒழித்துவிட்டார்கள். அதற்குக் காரணம், அந்த வைரஸுக்கு எதிராக ஒரே ஊசி உலகெங்கும் பலித்தது. ஒரு முறை போட்டால் நெடுங்காலம் காத்தது. கோமாரி அப்படிப் பணிந்துவிடவில்லை. 2001ல் பிரிட்டனில் அது பரவியபோது, 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று.

2025 ஜனவரியில், 1988க்குப் பிறகு முதல் முறையாக ஜெர்மனியில் கோமாரி வந்தது. பெர்லினை ஒட்டிய பிராண்டன்பர்க் மாநிலத்தில் ஓர் எருமை மந்தையைத் தாக்கியது. அது ஓ வகை வைரஸ் என்று சோதித்துச் சொன்ன நிறுவனத்தின் பெயர் என்ன தெரியுமா? பிரெட்ரிக் லோஃப்லர் நிறுவனம்! அதன் தலைமையகம் அதே ரீம்ஸ் தீவில் இருக்கிறது. லோஃப்லர் பிறந்த பிராங்க்பர்ட்டும் அதே பிராண்டன்பர்க் மாநிலத்தில்தான் இருக்கிறது. சீக்கிரமே கண்டுபிடித்ததால், நோய் மேலே பரவாமல் நின்றது.

மாட்டுக்கு ஏன் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி என்று இப்போது புரிகிறதா? செத்த கிருமியைக் கொண்டு செய்த ஊசியின் பலன் சில மாதங்களில் குறைந்துவிடும். வெளியிலோ, கிருமி சட்டையை மாற்றிக்கொண்டே திரிகிறது. காவல் படைக்கு அடிக்கடி நினைவூட்டித்தான் ஆக வேண்டும்.

லோஃப்லர் தான் தேடியதை முழுவதும் அடையவில்லை. ஆனாலும், கண்ணில் படாத எதிரி ஒருவன் இருக்கிறான் என்று அவர் நிரூபித்த பிறகுதான், மற்றவர்களால் அவனைத் துரத்த முடிந்தது. அடுத்த முறை உங்கள் தெருவுக்குத் தடுப்பூசி போட வந்தால், மாட்டை ஓட்டிப் போகும் பெரியவருக்கு உதவியாக நீங்களும் போங்கள். கன்றையும் மறக்காமல் காட்டச் சொல்லுங்கள். லோஃப்லர் தொடங்கிய வேலையில் உங்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.